பாய்லர் வெடித்தால் பதறுகிறோம்... கிணற்றுத் தண்ணீரைக் கவனிக்கிறோமா?

2020 ஜூலை 1. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து, அன்றே 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் அதே நிலையத்தில் நடந்த இரண்டாவது விபத்து அது. தமிழ்நாடே பதறியது.

2023 ஆகஸ்ட்டில் வேறொரு செய்தி. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களின் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்து, பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் ஓர் அறிக்கை வெளியிட்டன. வடக்கு வெள்ளூரில் ஓரிடத்துத் தண்ணீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 250 மடங்கு என்றது அது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. பாய்லர் விபத்து அளவுக்கு இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

ஏன் இந்த வித்தியாசம்?

ஆபத்தை நாம் எண்ணிக்கையை வைத்து மட்டும் எடைபோடுவதில்லை என்று 1987-லேயே விளக்கினார் அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக். திடீரென வந்து, ஒரே நேரத்தில் பலரைக் கொல்லும் ஆபத்துதான் நம்மை அதிகம் உலுக்கும். பாதரசம் அப்படியல்ல. நிறமில்லை, வாடையில்லை. வருஷக்கணக்கில் மெல்லச் சேரும். “இத்தனை வருஷமா குடிக்கிறோம், என்ன ஆயிடுச்சு?” என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

பிழைப்பும் ஒரு காரணம். நகரியத்தில் சம்பளம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம் எல்லாமே பழுப்பு நிலக்கரியை நம்பித்தான். சோறு போடும் இடத்தைச் சந்தேகப்படுவது யாருக்கும் எளிதல்ல. நிலத்தைக் கொடுத்த கிராமத்துக்காரருக்கோ அதே சாம்பல் வேறு மாதிரி தெரியும்.

என்ன செய்யலாம்?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாதரசம் போகாது. கேன் தண்ணீர் வாங்குவது நம் வீட்டுக்கு மட்டும்தான் தீர்வு. வாங்க முடியாதவர் அதே போர்வெல்லைத்தான் நம்பியிருப்பார்.

எனவே முதலில் அளவு தெரிய வேண்டும். குடிநீரில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது பாதரசத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தனி ஆளாக இதை எத்தனை பேர் செய்ய முடியும்? ஊர்வாரியான முடிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தமிழில், ரேஷன் கடைச் சுவரிலேயே ஒட்ட வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை எண்ணாகவாவது பார்க்கும் உரிமை அங்கே தண்ணீர் குடிப்பவர்களுக்கு உண்டு.