முடக்கிய கணக்கும் வந்த கடிதமும்

இணையத்தளத்திற்கும் மின்னஞ்சலுக்கும் தம் கணினிகளில் இடம் வாடகைக்கு அளிக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தார், கட்டணம் இறுக்கத் தவறியவரின் கணக்கை முடக்குதல் முறையே. ஆயின், அவருக்கு வரும் கடிதங்களை ஓசையின்றி அழித்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. எழுதியவர் அந்நிறுவனத்திற்குக் கடன்பட்டவரல்லர். வேலைக்கு விண்ணப்பித்த இளைஞரோ, மறுமொழி வாராமைக்குத் தம் தகுதிக்குறைவே காரணமென்று எண்ணி வாளாவிருப்பார். நம் பழைய மாணவர் சிலர் இத்தொழிலில் அமர்ந்திருத்தலின் இதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1982 இல் வகுக்கப்பெற்ற எஸ்.எம்.டி.பி. விதிகளிலேயே இதற்கு வழியுண்டு. பெறும் கணினி 4 இல் தொடங்கும் எண்ணை விடையாகத் தந்தால், ‘இப்பொழுது இயலாது, பின்னர் வருக’ என்பது பொருள். அனுப்பிய கணினி கடிதத்தை வைத்திருந்து மீண்டும் முயலும். அம்முயற்சி பொதுவாக நான்கைந்து நாளேனும் நீடித்தல் வேண்டுமென்பது 2008 இல் திருத்திய விதி. 5 இல் தொடங்கும் எண் முற்றான மறுப்பு. எழுதியவர்க்கு அறிவித்தல் திரும்பிவிடும். எனவே முதல் நாட்களில் 4 உம், தவணை கடந்தபின் 5 உம் தருதலே நேர்மை.

கடிதங்களை ஏற்றுப் பூட்டிவைப்பாரும் உளர். நன்றே, ஆனால் கடன் தீராது கணக்கு அழியுமாயின், சேர்ந்ததென நம்பப்பட்ட கடிதம் யாருமறியாது மாளும்.

வேண்டா விளம்பரங்களை அனுப்பி முடங்கிய கணக்காயின், வெளிச்செல்வதை உடனே அடைக்க. உள்வருவதை மறிக்க அது காரணமாகாது.

கட்டணம் கேட்கும் அறிவித்தலையே அம்முடங்கிய முகவரிக்கு அனுப்புவதோ பெருவிநோதம்! வேறொரு முகவரியையேனும் தொலைபேசி எண்ணையேனும் முன்னரே கேட்டு வைத்திருத்தல் வேண்டும்.