எந்த ரோட்டில் குடிபோவது?

வீட்டைக் காலி செய்துகொண்டு தூர தேசத்திற்குக் குடிபோகின்றவன், எந்த ரோட்டில் போவது என்பதை எதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்? ரோடு கெட்டியாய் இருக்கின்றதா, மலையேற்றம் எவ்வளவு, பெட்ரோல் எத்தனை மைலுக்கு ஒரு தரம் கிடைக்கும், பெண்டு பிள்ளைகளை இராத்திரிக்கு எங்கே படுக்க வைப்பது என்று இவைகளைத்தானே விசாரிக்க வேண்டும்? நம்மவர்களோ வழிகாட்டுகின்ற கைபேசியை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றார்கள். ஆடியில் வீடு மாறக்கூடாது. மார்கழியில் கூடவே கூடாது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அவசரமாய்ப் போய்த்தான் தீரவேண்டுமென்றால் அதற்கும் பரிகாரம் உண்டு. கிழக்கே போகின்றவன் தயிரும், மேற்கே போகின்றவன் வெல்லமும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டால் சூலம் மழுங்கிப் போய்விடுமாம்! இரண்டு பலம் வெல்லத்திற்கு மழுங்குகின்ற சூலத்திற்கா ஒரு குடும்பம் வண்டி வாடகையை முன்பணமாய்க் கட்டிவிட்டுப் பயந்து நிற்பது என்று கேட்டால், “பெரியவர்கள் சொன்னது” என்கின்றார்கள்.

இது நிற்க. சூலத்தைப் பற்றிச் சிரிப்பதற்காக மாத்திரம் நாம் இதை எழுதவில்லை. சூலம் பார்ப்பவன் தானாக ஏற்படுத்திக் கொண்ட பயத்தினால் வழியை மாற்றுகின்றான். ஆனால் பிறத்தியான் ஏற்படுத்திய பயத்தினால், தன் மானத்திற்கும் உயிருக்கும் அஞ்சி, குடிபோகின்ற ரோட்டை மைல் மைலாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்த ஜனங்கள் உலகத்தில் இருந்திருக்கின்றார்கள். அதுவும் ஏதோ காட்டு மிராண்டி தேசத்திலல்ல. உலகத்திலேயே மேலான ரோடுகளும், வீட்டுக்கு வீடு மோட்டாரும் உள்ளதாகப் பேர் வாங்கிய அமெரிக்க அய்க்கிய நாட்டில்தான்.

“ரயிலும் மோட்டாரும் தார் ரோடும் வந்தால் ஜாதி வித்தியாசம் தானாகவே போய்விடும், இதற்கென்று ஒரு கிளர்ச்சி எதற்கு?” என்று கேட்கும் மேதாவிகள் நம்மிடையே இன்றும் இருக்கின்றார்கள். அவர்கள் கீழே வரும் விஷயத்தைச் சற்றுப் பொறுமையாய்ப் படிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

1910-ஆம் ஆண்டுகளிலிருந்து 1970 வரையில் அமெரிக்காவின் தென் ராஜ்யங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கருப்பு மக்கள் வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். பருத்திக் காட்டில் பாடுபட்டும் கடன் தீராத கொடுமை ஒரு பக்கம். கேள்வி விசாரணை இல்லாமல் மரத்தில் கட்டித் தூக்கும் கொடுமை ஒரு பக்கம். முதலில் போனவர்கள் பெரும்பாலும் ரயிலில் போனார்கள். தெற்கே ரயிலில் கருப்பர்களுக்குத் தனி வண்டி. அது சட்டப்படி சரியே என்று 1896-ல் அந்நாட்டுப் பெரிய கோர்ட்டே தீர்ப்பும் சொல்லியிருந்தது. பஸ்ஸிலோ பின்பக்கத்து ஆசனம். ஆகையால் நாலு காசு சேர்த்த கருப்பன் எவனும் முதலில் வாங்க ஆசைப்பட்டது ஒரு மோட்டார்தான். ஆடம்பரத்திற்காக அல்ல; சொந்த வண்டிக்குள் பின்பக்கத்துக்குப் போ என்று சொல்ல ஒருவனும் இல்லை என்பதற்காக.

ஆனால் மோட்டார் நிற்காமலே ஓடுமா? பெட்ரோல் போட நிற்க வேண்டும். குழந்தை கக்கூஸுக்குப் போக நிற்க வேண்டும். சாப்பிட நிற்க வேண்டும். இரண்டாயிரம் மைல் போகின்றவன் இராத்திரியில் எங்கேயாவது படுத்துத்தான் ஆக வேண்டும். நின்ற இடத்திலெல்லாம் பழைய கதைதான். பெட்ரோலுக்குக் காசை வாங்கிக்கொள்வான். கக்கூஸ் சாவியைக் கொடுக்க மாட்டான். சாப்பாட்டுக் கடையில் கொல்லைப்புறத்து ஜன்னல் வழியாகப் பொட்டலம் கொடுத்தால் அது பெரிய தயவு. ஆகவே குடிபோகின்ற குடும்பம் வண்டியில் முதலில் ஏற்றினது மேஜை நாற்காலியை அல்ல. இரண்டு மூன்று நாளைக்குக் கெடாத ரொட்டியும் பொரித்த கோழியும் செருப்பு வாங்கின அட்டைப் பெட்டிகளில் அடைத்து ஏற்றினார்கள். பெட்ரோல் டப்பா ஒன்று, கம்பளி, தலையணை, மூத்திரம் பெய்ய ஒரு வாளி அல்லது காப்பி டப்பா. நல்ல மோட்டார் வைத்திருப்பவன் டிரைவர் குல்லாய் ஒன்றையும் வைத்துக்கொள்வான். போலீஸ்காரன் மறித்து “இது யாருடைய வண்டி?” என்று கேட்டால், “எஜமானருடையது, கொண்டுபோய்ச் சேர்க்கின்றேன்” என்று சொல்வதற்கு! சம்பாதித்து வாங்கின வண்டியைத் தன்னுடையதென்று சொல்லக்கூடாத ரோடு எப்படிப்பட்ட ரோடு என்பதைத் தோழர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

1951-ல் அலபாமாவிலிருந்து பஃபலோ நகரத்திலுள்ள பந்துக்களிடம் பதினொரு வயதுப் பையன் ஒருவனை அவன் மாமன் மோட்டாரில் அழைத்துப் போனார். எந்தெந்த ஊரில் கருப்பர்களுக்கென்று கக்கூஸ் உண்டு, எந்த ஊரில் வண்டியை நிறுத்தாமலே போய்விட வேண்டும் என்று படத்தில் குறி வைத்து, அந்தக் குறிகளைச் சேர்த்துத்தான் வழியைத் தீர்மானித்தார்களாம். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் பல ஆண்டுகள் அங்கத்தினராயிருந்து 2020-ல் காலமான ஜான் லூயிஸ். தம் வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கின்றார்.

தெற்கேதான் இப்படி, வடக்கே போய்விட்டால் விடுதலை என்று நினைப்பதும் பிசகாகும். “சூரியாஸ்தமன ஊர்கள்” என்று அங்கே ஒரு வகை உண்டு. பொழுது சாய்ந்த பிறகு கருப்பன் ஒருவன்கூட ஊர் எல்லைக்குள் இருக்கக்கூடாது என்பது அந்த ஊர்களின் ஏற்பாடு. பல ஊர்களில் எல்லையிலேயே பலகை போட்டு எழுதியும் வைத்திருந்தார்கள். இவைகளைத் தேடித் தேடி ஆராய்ந்து ஜேம்ஸ் லோவென் என்பவர் 2005-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அவர் கண்ட முடிவு என்னவென்றால், இந்த ஊர்கள் தெற்கைவிட வடக்கிலும் மேற்கிலும்தான் அதிகம் என்பதே. காரணம் விளங்காததல்ல. தெற்கே வெள்ளைக்காரனுக்குப் பருத்தி எடுக்கவும் சமையல் செய்யவும் கருப்பன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆகையால் கீழே வைத்துக்கொண்டான். வடக்கே அந்தத் தேவை இல்லாத ஊர்களில் அடியோடு துரத்திவிட்டான். சேரியை ஊருக்கு வெளியே வைப்பவனுக்கும், சேரியே வேண்டாம் என்பவனுக்கும் உள்ள வித்தியாசந்தான் இது. நம் சோதிடர்கள் சூரியன் உதிப்பதையும் மறைவதையும் நாழிகைக் கணக்குப் போட்டு ராகுகாலம் குறிக்கின்றார்களே, அந்தக் குடும்பங்களும் சூரியன் மறைகின்ற நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் மோட்டாரை ஓட்டின. அவர்களுடைய ராகு துப்பாக்கியோடு நின்றான் என்பதுதான் பேதம்.

இந்த 66-ஆம் நம்பர் ரோட்டையே எடுத்துக்கொள்வோம். 1926-ல் ஏற்பட்டது. சிகாகோவில் ஆரம்பித்து எட்டு ராஜ்யங்களைக் கடந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சமுத்திரக் கரை வரைக்கும் சுமார் 2,400 மைல். கலிபோர்னியாவுக்குக் குடிபோனவர்களின் ராஜபாட்டை அதுதான். இன்று அதைப் பற்றி மியூசியங்கள் என்ன, பனியன் மேல் அச்சடித்த படங்கள் என்ன, உல்லாசப் பிரயாணிகள் என்ன! சுதந்திரத்தின் ரோடு என்று பேர். ஆனால் அந்த ரோடு போகின்ற ஜில்லாக்களில் ஏறக்குறைய பாதியில் சூரியாஸ்தமன ஊர்கள் இருந்தன என்று இதை நேரில் சுற்றி ஆராய்ந்த கேண்டசி டெய்லர் என்னும் அம்மையார் எழுதுகின்றார்.

அந்த ரோட்டைப் பற்றி உலகப் பிரசித்தமான ஒரு பாட்டு இருக்கின்றது. 1946-ல் பாபி ட்ரூப் என்ற வெள்ளைக்காரர் தம் மனைவியுடன் பென்சில்வேனியாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மோட்டாரில் குடிபோன சமயம், வழியிலேயே கட்டின பாட்டு அது. மேற்கே போகின்றவன் இந்த ரோட்டில் போய் ஆனந்தப்படட்டும் என்பது சாரம். அதை அதே ஆண்டில் பாடி ஊரெல்லாம் பரவச் செய்தவர் யார் தெரியுமா? நாட் கிங் கோல் என்கின்ற கருப்புப் பாடகர்! அவர் பாட்டை ரேடியோவில் கேட்டு வெள்ளைக்காரன் கூத்தாடினான்; அவர் நிறத்துக்காரன் அந்த ரோட்டில் படுக்கப் பாய் கேட்டால் இடமில்லை என்றான். இவ்வளவோடும் போகவில்லை. 1948-ல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹான்காக் பார்க் என்னும் பணக்காரப் பகுதியில் ஒரு வீடு வாங்கினபோது, எங்கள் தெருவுக்குக் கருப்பன் வரக்கூடாது என்று அண்டை அயலார் கூட்டம் சேர்த்தார்கள். கருப்பர்களுக்கு வீடு விற்பதில்லை என்று அந்தப் பகுதிக்காரர்கள் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நல்ல வேளையாக, அப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட்டு மூலம் நிறைவேற்ற முடியாது என்று அதே 1948-ல் பெரிய கோர்ட்டு தீர்ப்புச் செய்திருந்தது. அவர் அசையாமல் அங்கேயே குடியிருந்தார். எவ்வளவு பேரும் பணமும் இருந்தும் அவருக்கே இவ்வளவு பாடென்றால், சட்டி பானையோடு வந்த கூலிக்காரன் கதி என்ன?

ராபர்ட் பாஸ்டர் என்பவர் ரண சிகிச்சை டாக்டர். பட்டாளத்தில் டாக்டராய் இருந்தவர். பிறந்த ஊரில் ஆஸ்பத்திரியில் கத்தி எடுக்க விடமாட்டார்கள் என்று 1953-ல் லூயிசியானாவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தன்னந்தனியாக மோட்டாரில் புறப்பட்டார். டெக்சஸைத் தாண்டினால் தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டு போனார். அரிசோனாவில் இராத்திரி ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்கினார். வாசலில் காலி இருக்கின்றதென்று விளக்கு எரியும். இவர் முகத்தைப் பார்த்ததும் காலி இல்லை. தூங்காமலே பாலைவனத்தைக் கடந்துதான் போய்ச் சேர்ந்தார். இசபெல் வில்கர்சன் 2010-ல் எழுதிய புத்தகத்தில் இது விரிவாய் இருக்கின்றது. பலகை போட்டிருக்கின்ற ஊரில் எச்சரிக்கையாவது உண்டு. பலகை இல்லாத ஊரில் இராத்திரி பத்து மணிக்குத்தான் விஷயம் தெரியும்.

இந்த இடத்தில்தான் விக்டர் கிரீன் என்ற தபால்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ஹார்லெம் பகுதிக்காரர். பெரிய படிப்பாளியோ பணக்காரரோ அல்ல. 1936-ல் கருப்பு மோட்டார்ப் பிரயாணிகளுக்கென்று “கிரீன் புத்தகம்” என்ற சிறு வழிகாட்டியை ஆரம்பித்தார். முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மாத்திரம். பிறகு தேசம் பூராவுக்கும். கருப்பனுக்கு அறை கொடுக்கும் விடுதி, சாப்பாடு போடும் கடை, பழுது பார்க்கும் பட்டறை, விடுதியே இல்லாத ஊரில் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுக்கும் குடும்பங்கள் என்று ஊர் ஊராய் விலாசம் போட்டது. விவரம் அனுப்பினவர்கள் பிரயாணம் செய்த ஜனங்களே. எஸ்ஸோ பெட்ரோல் கடைகளில் விற்றார்கள். யுத்த காலத்தில் கொஞ்ச ஆண்டுகள் நின்று, 1960-ல் அவர் இறந்த பிறகும் நடந்து, 1966-67 பதிப்போடு முடிந்தது.

“இது அடங்கிப் போகச் சொல்லிக் கொடுத்த புத்தகமல்லவா?” என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். நாம் அப்படி நினைக்கவில்லை. பாம்பு எந்தப் புற்றில் இருக்கின்றதென்று பிள்ளைக்குச் சொல்லி வைப்பது பாம்பைக் கும்பிடுவதாகாது. நம் பஞ்சாங்கத்திற்கும் இந்தப் புத்தகத்திற்கும் உள்ள தாரதம்மியத்தைப் பாருங்கள். பஞ்சாங்கம் போட்டவனை யாரும் எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. இதிலோ போய்ப் பார்த்தவன் சொன்னான், தப்பிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். இந்தப் புத்தகமே தேவையில்லாத நாள் வரும், அன்று சந்தோஷமாய் நிறுத்திவிடுவோம் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். எந்தப் பஞ்சாங்கக்காரனாவது அப்படி எழுதுவானா?

ஆனால் விடுதிக் கதவைத் திறந்தது புத்தகமல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. 1960-ல் கிரீன்ஸ்பரோவில் சாப்பாட்டுக் கடையில் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்த மாணவர்களும், 1961-ல் பஸ்ஸில் ஏறி அடிபட்டவர்களும், ஜெயிலுக்குப் போனவர்களுந்தான் திறக்க வைத்தார்கள். 1964 ஜூலை 2-ந் தேதி சட்டம் கையெழுத்தாயிற்று. உடனே அட்லாண்டாவில் 216 அறைகள் உள்ள ஒரு விடுதிக்காரர், என் விடுதியில் யாருக்கு அறை கொடுப்பது என்பது என் இஷ்டம் என்று வழக்காடினார். அவருடைய விடுதி இரண்டு பெரும் ரோடுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. தங்கினவர்களில் முக்கால்வாசிப்பேர் வெளி ராஜ்யத்தார். படுக்க இடம் கொடுக்காவிட்டால் பிரயாணமே தடைப்படுகின்றது, ஆகையால் சட்டம் செல்லும் என்று அவ்வாண்டு டிசம்பரில் பெரிய கோர்ட்டு தீர்த்தது. 1924-ல் வைக்கத்தில் தெருவில் நடக்க உரிமை கேட்டபோது, “கோவில் பக்கத்துத் தெரு எங்கள் இஷ்டம்” என்று சொன்னவர்களுடைய வாதத்திற்கும் இந்த விடுதிக்காரர் வாதத்திற்கும் பாஷை ஒன்றுதான் வேறு.

இன்று சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோகின்ற கருப்புக் குடும்பம், பனிக் காலமா, 80-ஆம் நம்பர் பெருவழியில் வயோமிங் காற்று லாரியைச் சாய்க்குமா, அதைவிடத் தெற்கே 40-ஆம் நம்பரில் போவது நல்லதா என்று யோசித்து விடுதிக்கு முன்னாடியே சொல்லி வைத்துப் போகலாம். 66-ஆம் நம்பரை 1985-ல் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெருவழிகளைப் போட்ட கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1956-ல் சட்டம் செய்து 41,000 மைலுக்குத் திட்டம் போட்டார்கள். சிற்றூர்களுக்குள் நுழையாமலே போகலாம் என்பதால் கருப்புப் பிரயாணிக்கும் லாபந்தான். ஆனால் பட்டணங்களுக்குள் அந்த ரோட்டை எந்த வழியாக விடுவது என்று தீர்மானித்தவர்கள் யார், யார் வீட்டை இடித்தார்கள் என்று பார்த்தால், மயாமியில் ஓவர்டவுன், டிட்ராய்ட்டில் பிளாக் பாட்டம், நியூ ஆர்லியன்ஸில் கிளேபோர்ன் வீதி, செயின்ட் பாலில் ரோண்டோ என்று எல்லாம் கருப்பர் தெருக்களாகவே வருகின்றன. கிரீன் புத்தகம் படுக்க இடம் உண்டென்று விலாசம் போட்ட கடைகளும் வீடுகளும் இப்படிப்பட்ட தெருக்களில்தான் இருந்தன. ரோண்டோவை இடித்ததற்காக 2015-ல் அந்நகர மேயரும் ரோடு இலாக்கா அதிகாரியும் பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டார்கள். பள்ளமாய் ஓடும் அந்த ரோட்டின் மேலே மூடி போட்டு, பிரிந்த தெருவை மறுபடி ஒட்ட வைக்க வேண்டுமென்று அங்குள்ளவர்கள் கேட்டு வருகின்றார்கள்.