பிளாஸ்டிக்னா மட்டமா?

பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவர்களிடம் ஒரு வியாதி உண்டு. தோளில் அண்டக்கொடுக்கும் கட்டை வால்நட் மரமாக இருந்தால்தான் மரியாதை. செயற்கைப் பொருள் என்றால் "ச்சே, பிளாஸ்டிக்கா?" என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அமெரிக்காவின் எம்-14ஐ எடுத்துக்குங்க. 1957-ல் தேர்வானப்போ மரக்கட்டைதான். ஈரத்துல மரம் ஊதும், குறி பிசகும். வியட்நாம் மாதிரி இடத்துல சொல்லணுமா? அதுக்குக் கண்டுபிடிச்ச மருந்துதான் கண்ணாடியிழைக் கட்டை. ஆக, அது மலிவுச் சரக்கில்லைங்க, பட்டுத் தெரிஞ்சுகிட்ட பாடம்.

அடையாளம் பார்க்க ஒரு வழி சொல்றேன். எம்-14 தானியங்கியாகவும் சுடும். அந்த விசைக்காகக் கட்டையின் வலப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். பொதுமக்களுக்கு விற்கும் எம்1ஏ-வில் அந்த விசையே கிடையாது. வெட்டு இருந்தால் ராணுவக் கட்டை என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

வயித்தெரிச்சல் இங்கேதான். ராணுவம் கழிச்சுவிட்ட கட்டையை வாங்கி எம்1ஏ-வில் மாட்டுறவங்க சிலர், அசிங்கமா இருக்குன்னு அந்த வெட்டை அடைச்சு, தேய்ச்சு, புதுசா பெயிண்ட் அடிச்சிடறாங்க! தானியங்கி என்பதால் அசல் எம்-14கள் பொதுச்சந்தைக்கு வரவில்லை. 1990களில் ஏராளமாக அழிக்கப்பட்டன. பலவற்றில் மிஞ்சியது கட்டை மட்டும்தான். அது பேசுற ஒரே வாய் அந்த வெட்டு. அதையும் அடைக்கிறது கோயில் கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிக்கிற கதைதான்.

பளபளப்பு வேணுமா? கடையில் புதுக்கட்டை கிடைக்குது, வாங்கிக்குங்க. பழசை அப்படியே விட்டுடுங்க சாமிகளா!