கரையில் நின்று காண்போம்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் கடல் இல்லை, கண்மாய்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையால் கண்மாய் பெருகும்போது, நீரின் நடுவே நிற்கும் கருவேல மரங்கள் சிறு தீவுகளாகின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலிய பறவைகள் அவற்றில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை அடுத்துள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் இக்காட்சியைக் காணலாம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களையும் உள்ளடக்கிய இப்பகுதி, 1977ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மகாராட்டிரக் கடற்கரைக்கு அப்பால் உள்ள வெங்குர்லா பாறைத்தீவுகளில் ஆலா என்னும் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. அங்குக் கடல்நீர் அகழியாக நின்று கூடுகளைக் காக்கிறது. இங்குக் கண்மாய்நீர் அதே பணியைச் செய்கிறது. நாய், பூனை, நரி ஆகியவை நீரைக் கடந்து எளிதில் கூட்டை அடைவதில்லை. ஆனால், அந்த அகழியை மனிதன் கடந்துவிடுகிறான். எனவே, பறவைகளைக் கரையில் நின்று காண்பதே முறையாகும் என்பது என் கருத்து.

கூட்டமாக வாழும் பறவைகளுள் சில அஞ்சி எழுந்தால் மற்றவையும் உடன் எழுகின்றன. தாயின் நிழல் இழந்த குஞ்சுகள் வெயிலில் வாடுகின்றன. காவலற்ற முட்டைகளைக் காகங்கள் கவர்கின்றன. ஒரு நிழற்படத்திற்காக நாம் நெருங்கும் சில நிமிடங்கள், ஒரு பருவத்தின் உழைப்பை அழித்துவிடக்கூடும்.

அருகில் செல்லாமல் எவ்வாறு அறிவது எனச் சிலர் வினவலாம். இருகண்நோக்கியும் குறிப்பேடும் இருந்தால் கரையிலிருந்தே பலவற்றை அறியலாம். பறவைகள் வந்த நாள், கூடுகளின் எண்ணிக்கை, இரையூட்டும் முறை, குஞ்சுகள் பறக்கத் தொடங்கும் காலம் ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிவு செய்யலாம். அச்சமின்றி இருக்கும் பறவையே தன் இயல்பைக் காட்டும். அஞ்சிப் பறக்கும் பறவையிடம் நாம் காண்பது அதன் அச்சத்தை மட்டுமே.

இவ்வுண்மையைக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வாழ்ந்து காட்டுகின்றனர். பறவைகள் வந்து கூடும் காலத்தில்தான் தீபாவளியும் வருகிறது. வெடியொலி பறவைகளை வெருட்டும் என்பதால், அவ்வூரார் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் வெடியைத் துறப்பது சிறுவர்களுக்கு எளிதன்று. ஆயினும், அவர்களும் அதனை ஊர்ப்பெருமையாக ஏற்றுள்ளனர். பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவது அவர்கள் பெறும் கைம்மாறாகும்.

சட்டம் ஒரு நிலப்பரப்புக்கு எல்லை வகுக்கலாம். அவ்வெல்லையை மதிக்கும் மனத்தை மக்களே வளர்க்க வேண்டும். கண்மாய் வறண்டால் பறவைகள் வாரா. வரத்துக்கால்வாய் அடைபட்டால் கண்மாய் நிறையாது. ஆகவே, நம் ஊர்க் கண்மாயைத் தூய்மையாக வைத்திருப்பதும் பறவைகளைக் காப்பதேயாகும். அடுத்த மழைக்காலத்தில் உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். அங்கு நீங்கள் காணும் பறவைகள், அடுத்த ஆண்டும் அச்சமின்றித் திரும்பி வரட்டும்.