ரீஃபில் கிடைக்காத பேனா எதுக்கு சாமி?

கையால கடைஞ்ச மரப் பேனான்னு பெருமையா விக்கறாங்க. ரீஃபில் தீர்ந்தா? நீங்களே தேடிக்கணுமாம்! தருமபுரியில கடை கடையா அலைஞ்சா மெல்லிசு ரீஃபில்தான் கைக்கு வருது. உள்ள போட்டா லொடலொடன்னு ஆடுது.

மக்களே, இதுக்கு அளவே இல்லையா என்ன? பார்க்கர் பால்பாயின்ட் பேனாவுக்குப் போடற குண்டு ரீஃபில், நீளம் சுமார் 98 மி.மீ. ஐஎஸ்ஓ 12757ல அதுக்கு ஜி2ன்னு பேரே இருக்கு. பல கம்பெனி அதே அளவுல போடுது. (பைலட் ஜி2 ஜெல் பேனாவோட ரீஃபில் வேற அளவு. பேரைப் பாத்து வாங்கிடாதீங்க!)

கடையறவங்க துளையை அந்த அளவுக்குப் போட்டா என்ன குறைஞ்சுடும்? கைவினைன்னா கணக்கு வேணாமா? குறைஞ்சது டப்பா மேல ரீஃபில் அளவையாவது எழுதுங்கய்யா. அதுவும் முடியாதுன்னா, திருவள்ளூர் ரங்கா மாதிரி எபோனைட்ல மை ஊத்தற பேனாவா செஞ்சு குடுங்க. மை பாட்டில் எங்க ஊர்லயே கிடைக்குது :-)