பீரோ மேலிருந்து இறங்கிய மெஷின்

எங்கள் வீட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் மூன்று மாதமாகப் பீரோ மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டியவர் ஹாலில் பழையபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. 30-ஐத் தொட்டாலே தீவிரம்தானாம். டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக்கொடுத்தார். மாஸ்க் வழியாக வரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்விட்சைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாலே நாள்தான். "மூச்சு முட்டுதும்மா" என்றார் இவர். காற்று கொடுக்கிற மெஷினில் மூச்சு முட்டுமா என்று நானும் சண்டை போட்டேன்.

போன மாதம் சிக்னலில் ஸ்கூட்டர் மெதுவாகச் சாய்ந்தது. பின்னால் இருந்த நான் காலை ஊன்றித் தோளை உலுக்கினேன். நின்றபடியே தூங்கியிருக்கிறார்! அன்று சாயந்திரமே மெஷினைத் துணிப்பையில் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

மெஷினுக்குள் இருந்த சின்ன கார்டை அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கம்பெனியிலிருந்து வந்தபடியே அழுத்தம் 4 முதல் 20 வரை என்று விட்டிருக்கிறார்கள். "4-ல சிலருக்குக் காத்து பத்தாது சார், அதான் முட்டுது. உங்களுக்குத் தேவை 9-ல இருந்து 11" என்றார். குறைந்தபட்சத்தை 8 ஆக்கினார், உச்சத்தை 13-ல் நிறுத்தினார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் சற்றுக் குறையும் வசதியையும் போட்டுவிட்டார்.

காற்றுக் கசிவும் நிறைய இருந்தது. கசிகிறதே என்று இவர் பட்டையை இறுக்க, இறுக்க, அது இன்னும் கசிந்திருக்கிறது. படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போதுதான் பட்டையைச் சரிசெய்ய வேண்டுமாம். நாங்கள் கண்ணாடி முன்னால் நின்று செய்துகொண்டிருந்தோம்! இன்னொரு குற்றவாளி மீசை. எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில் மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க்குக்கு மாறினோம். மீசை பிழைத்தது.

வாய் வறண்டதற்கு ஈரப்பதத்தை ஒரு படி கூட்டினோம். அந்தத் தொட்டிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். கேன் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்தது என் கைங்கரியம்.

நடுவில் என் கொழுந்தனார், "இன்னும் ரெண்டு பாயின்ட் ஏத்துங்க அண்ணி" என்று வீடியோ அனுப்பினார். நல்லவேளை, டாக்டரைக் கேட்டேன். அழுத்தம் அதிகமானால் வயிற்றில் காற்று நிறையும், சிலருக்கு வேறுவகை மூச்சுத் தடையே வருமாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது என்பது அவர் கணக்கு.

முதல் வாரம் மெஷின் 9 காட்டியது. அப்புறம் 6. இப்போது 3. ஐந்துக்குக் கீழே இருந்தால் போதும் என்கிறார் டாக்டர். ஸ்கூட்டர் சாவி மட்டும் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

அடுத்தது கரண்ட் கட் கவலை. மெஷின் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்ற, ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருகிறார்.