தோளில் ஏறும் படகு!

மனிதன் படகில் ஏறிப் போவான். படகு மனிதன் தோளில் ஏறிப் போகும் இடமும் உண்டு!

அமெரிக்காவின் வட கோடியில் இருப்பது மின்னசோட்டா மாநிலம். அதை அடுத்து கனடா. எல்லை ஓரமாக 10 லட்சம் ஏக்கர் காடு. அதற்குள் 1,000-க்கும் அதிகமான ஏரிகள். "பவுண்டரி வாட்டர்ஸ்" என்று பெயர்.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. துடுப்புப் படகில் வருகிறவர்கள் கரை இறங்குவார்கள். படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். இரவில் கரையில் கூடாரம். ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வருகிறார்கள்.

கட்டுப்பாடு கடுமை. ஒரு கூட்டத்தில் 9 பேருக்கு மேல் கூடாது. தகர டப்பா, கண்ணாடி பாட்டில் கூடாது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகும் கூடாது.

கொடும்பாவி

இந்த அமைதி சும்மா வரவில்லை.

காட்டின் வாசலில் ஈலி என்ற சிற்றூர். இரும்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். கடைசிச் சுரங்கம் 1967-ல் மூடப்பட்டது. மோட்டார் படகில் மீன் பிடிக்க வருகிறவர்களை நம்பிப் பலர் பிழைத்தார்கள். அதற்கும் தடை வருகிறது என்றதும் ஊர் கொதித்தது. பிழைப்புப் போகிறவனுக்குக் கோபம் வராதா?

தடையை ஆதரித்தவர் எழுத்தாளர் சிகர்ட் ஓல்சன். அதே ஊர்க்காரர். 1977-ல் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள்!

மறு ஆண்டே சட்டம் வந்தது. காட்டுக்குள் சுரங்கமும் தடை செய்யப்பட்டது.

தண்ணீருக்கு வேலி உண்டா?

எல்லைக்கு வெளியே, ஈலி அருகே, பூமிக்கு அடியில் தாமிரமும் நிக்கலும் இருக்கின்றன. சிலி நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான நிறுவனம் அங்கே தோண்ட அனுமதி கேட்டது. ஊரில் பலருக்கு மகிழ்ச்சி. மறுபடியும் வேலை கிடைக்குமே!

வெளியேதானே தோண்டப் போகிறார்கள், அதனால் என்ன?

அந்தத் தாதுவில் கந்தகம் கலந்திருக்கிறது. தோண்டிப் போட்ட கல்லில் காற்றும் மழையும் பட்டால் அமிலம் உண்டாகும். அங்குள்ள தண்ணீரோ வடக்கே, காட்டுக்குள் ஓடுகிறது. ஏரிகள் சங்கிலி போல இணைந்தவை. ஒன்று கெட்டால் அடுத்ததும் கெடும்.

2022-ல் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கரில் 20 ஆண்டுகளுக்குப் புதிய குத்தகை கிடையாது என்று உத்தரவு போட்டது.

இங்கேதான் சிக்கல். காட்டுக்குக் காவல், பாராளுமன்றம் போட்ட சட்டம். வெளி நிலத்துக்குக் கிடைத்தது மந்திரியின் உத்தரவு மட்டுமே. சட்டத்தை மாற்றுவது கடினம். ஒரு மந்திரி போட்ட உத்தரவை அடுத்து வருகிறவர் மாற்றப் பார்க்கலாம்.

2025-ல் ஆட்சி மாறியது. உத்தரவை நீக்கும் முயற்சியும் அந்த ஆண்டே தொடங்கிவிட்டது.